மேட்டுக் கிணற்று மோட்டார்

ஒரு தென்னை மரம் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் "அது தப்புங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார். "அப்புடியும் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கணக்கைத் தன்னோடு வைத்துக்கொள்வார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதை அப்படி. நானும் இந்த ஊர்க்காரிதான், ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் அதற்காக நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கணக்கை மரத்திடமே கேட்டுவிடுவது என்று கிளம்பியவள் ஒரு பெண். தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கருவிப் பிரிவில் இன்ஜினீயராக இருந்தேன். பேர்தான் கருவிப் பிரிவு. எரிந்துபோன அடுப்புக்குக் காயில் மாற்றுவது, நிலைக்கு வராமல் ஆடுகிற தராசை அடக்குவது, ஆபீஸ் ஃபேனுக்கு ரெகுலேட்டர் போடுவது என்று என் படிப்பு நன்றாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அவள் வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வா, உள்ளே வா என்று நான் கத்திய பிறகுதான் வந்தாள். கையில் ஒரு பழைய சோப்பு டப்பா. அதற்குள் பஞ்சில் பொதிந்து இரண்டு ஊசிகள் இருந்தன. ஆஸ்பத்திரியில் போடுகிற அதே ஊசிகள்தான்.

"மேடம், இந்த ரெண்டையும் மரத்துல குத்தோணுங்க. மேல இருக்குற ஊசிய நாம சூடு பண்ணிட்டே இருக்கோணும், கீழ இருக்குறது சும்மா இருக்கும். மரம் தண்ணி உறிஞ்சுனா மேல் ஊசியோட சூடு கொறையுமுங்க. வேகமா உறிஞ்சுனா நெறையக் கொறையும். அந்த வித்தியாசத்த ராவும் பகலும் அளந்து எழுதிட்டே இருக்குறதுக்கு ஒரு மெஷினு வேணுமுங்க."

எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது. ஊசிக்குள் முடி போன்ற கம்பியை அவளே நுழைத்து, அவளே பற்றவைத்திருந்தாள். பற்றவைத்த இடம் மகா அசிங்கமாக இருந்தது. அதையும் சொன்னேன். "ஆமாங்க மேடம், எனக்கும் தெரியுதுங்க" என்று சிரித்தாள்.

அவளுக்கு ஊர் காரமடைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் மரத்துக்குத் தண்ணீர் கட்டிய குடும்பத்தில் முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். எங்கள் நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாக அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த உதவித்தொகை அந்தக் கோடையோடு முடிகிறது. மழைக்கு முன்னால் வெளியூரிலிருந்து நிபுணர் குழு வரும். அதற்குள் ஒரு மாதிரிக் கருவியை ஓட்டிக் காட்டி, ஒரு மாதத்துக்காவது அறுபடாத வரைபடம் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் ஆராய்ச்சி நீளும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். "மில்லுல டைப் அடிக்கிற வேல ஒண்ணு சொல்லி வெச்சிருக்காங்க மேடம். இது ஆகலீன்னா அதுக்குப் போயிருவேனுங்க" என்றாள். யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னாள்.

அவளுடைய பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் ஆசைக்கு அளவில்லாதவர். திட்டம் போட மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுத் தோப்பில் உள்ள மரத்தையெல்லாம் வரைய ஆரம்பித்தார். எல்லா மரத்திலும் ஊசி, நடுவில் ஒரு கம்ப்யூட்டர், ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு கம்ப்யூட்டர், இரண்டுக்கும் நடுவில் டெலிபோன் லைன். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"சார், மாதிரின்னா மாதிரியா இருக்கோணும். கல்யாணத்துக்கு சமைக்கறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி ருசி பாக்கறமில்லீங்களா, அத்தன போதும். நாலு மரம், ஒரு கம்ப்யூட்டர். அது ஒழுங்கா ஓடட்டும், பொறகு நீங்க டெலிபோனுக்குப் போலாம்."

அவர் முகம் வாடிப்போனது. ஆனாலும் தாளைத் திருப்பி நாலு வட்டம் போட்டார். அப்படி ஆரம்பித்ததுதான்.

கம்ப்யூட்டருக்கு நான் அலையவில்லை. ஆபீஸில் கடிதம் அடிக்கப் புதிதாக ஒன்று வந்திருந்தது. பழையது மூலையில் தூசி மூடிக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மின் அளவை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற கார்டு ஒன்று வேண்டும். அதற்குக் காந்திபுரத்தில் எலக்ட்ரானிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே பதில். "வரவெச்சுத் தந்தர்லாமுங்க!" எங்கள் ஊரில் கடைக்காரர் இப்படிச் சொன்னால் இரண்டு அர்த்தம் உண்டு. வரும், அல்லது இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. நான் ஒருவரை நிறுத்தி வைத்து, "வருமா வராதா, ஒண்ணச் சொல்லுங்க" என்றேன். அவர் பாவம், ஏதோ அடி வாங்கியவர் போலப் பார்த்தார். கடைசியில் அவர்தான் பெங்களூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்.

ஊசியிலிருந்து வருகிற மின்சாரம் கண்ணுக்கே தெரியாத அளவு. அதைப் பெருக்கிக் கொடுக்கும் போர்டை நானே செய்தேன். எத்தனையோ வருஷம் கழித்து என் கையால் உருப்படியாக ஒன்று! பற்றவைக்க அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது வாரத்தில் என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். கேட்டு வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்லும்போது, கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாமல் பிடிக்கிற யூ.பி.எஸ். ஒன்று கட்டாயம் வேண்டும் என்று நான் முதலிலேயே சொன்னேன். "மாதிரிக்கு எதுக்குங்க அதெல்லாம், பெரிசு வரும்போது வாங்கிக்கலாம்" என்று மேலிடத்தில் அடித்துவிட்டார்கள். அன்றைக்கு நான் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. யூ.பி.எஸ். வரவில்லை.

தோப்பு உடுமலைப்பேட்டைப் பக்கம். பேராசிரியருக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பம், கணவன் மனைவி இரண்டே பேர். பிள்ளைகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பூமி இரண்டு துண்டு. பள்ளத்தில் ஒன்று, அதற்குத் தனிக் கிணறும் மோட்டாரும் இருந்தன. மேட்டில் ஒன்று, நாங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான். மேட்டுக் கிணற்றோரம் மோட்டார் ரூம், அதை ஒட்டி நாலைந்து வரிசைத் தென்னை, ரூமுக்குப் பின்னால் அந்த வீட்டு அம்மாள் போட்டிருந்த மிளகாய்ப் பாத்தி. கரண்ட் இருக்கிற இடம் அந்த ரூம் ஒன்றுதான் என்பதால் கம்ப்யூட்டரை அங்கேதான் வைத்தாக வேண்டும். எலிக்கும் பல்லிக்கும் பயந்து, கொசுவலை அடித்த மரப்பெட்டி ஒன்று செய்து அதற்குள் வைத்தோம்.

அந்த அம்மாள் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எந்தூரு கண்ணு? அப்பா என்ன பண்றாரு?"

"காரமடைப் பக்கமுங்கம்மா. அப்பா காட்டு வேலைக்குப் போறாருங்க."

அந்த அம்மாள் "ஓ, செரி செரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன டம்ளர் வரப்போகிறது என்று பார்த்தேன். வாயைத் திறக்கத் தயாராகவே இருந்தேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டம்ளர் வந்தது. மூன்றும் ஒரே மாதிரி எவர்சில்வர், மூன்றிலும் காப்பி ஒரே அளவு. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் குடித்து முடித்ததும் அந்தப் பெண் தன் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். அந்த அம்மாள் அதைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கு கண்ணு? அப்புறம், என்னைய அம்மான்னு கூப்புடாத, எனக்கென்ன அத்தன வயசா ஆச்சு? அக்கான்னு கூப்புடு" என்றார். அவள் தலையாட்டினாள். மறுநிமிஷமே "வாரேனுங்கம்மா" என்றாள்.

கருவியை ஓட்டிய முதல் நாள் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நாலு மரத்திலும் ஊசி ஏற்றி, வெயில் படாமல் பளபளப்புத் தாள் சுற்றி, வயரை இழுத்து வந்து சேர்த்தோம். ஊசி சூடாகி நிலைக்கு வர வெகுநேரம் பிடிக்கும். காத்திருந்தோம். ஊசியின் சூடு குறையக் குறையக் கோடு மேலே போகும்படி வைத்திருந்தோம். வெயில் ஏற ஏறத் திரையில் பச்சைக் கோடு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. மரம் தண்ணீர் குடிக்கிறது! அவள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளும் எட்டிப் பார்த்து, "இதா போகுதுங்களா தண்ணி?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரர், அந்த அம்மாளின் கணவர், வந்தார். வழக்கம்போல ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமி எழுந்தது. அது எழுந்த இழுப்பில் லைனில் இருந்த கரண்ட் விழுந்து, திரை பொக்கென்று அணைந்துபோனது. கம்ப்யூட்டர் தானாகவே திரும்பவும் எழுந்துகொள்ளும்படி நான் செய்து வைத்திருந்தேன், அது எழுந்தும் விட்டது. ஆனால் ஊசி ஆறிப்போயிற்றே! மறுபடி சூடாகி நிலைக்கு வர அரை நாள். அவள் "அய்யோ" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். தோட்டக்காரர் பதறிப்போய், "நான் என்னமோ பண்ணிப்போட்டேனுங்களா?" என்று மோட்டாரை நிறுத்தினார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, நீங்கள் போடுங்கள் என்று நான்தான் அவரைச் சமாதானப்படுத்தி, மோட்டாரைத் திரும்பப் போடச் சொன்னேன். அந்த அம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் வழியில் நான் கணக்குப் போட்டேன். மோட்டார் போடுகிற நாளெல்லாம் அரை நாள் போய்விடும். மீதியை ஒட்டிப் பார்த்தால் குழுவுக்குக் காட்ட ஏதோ தேறும். அதற்கும் மேலே, கரண்ட் விழுந்தால் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கட்டும் என்று மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கண்டன்சர் ஒன்றை, இருக்கிறதில் பெரியதாகப் பார்த்து வாங்கி, அடுத்த முறை போனபோது போர்டில் சேர்த்துவிட்டு வந்தேன்.

முதல் வாரத்து ஃப்ளாப்பியை அவள் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தால், அறுபடவே இல்லை! காலையில் ஏறி, நடுப்பகலில் உச்சிக்குப் போய், சாயங்காலம் இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு மேடு, வரிசையாக மேடுகள். என் கண்டன்சருக்கு இத்தனை சக்தியா! கருவிப் பிரிவில் அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பேராசிரியர் மறுபடியும் டெலிபோன் லைனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அடுத்த ஃப்ளாப்பியிலும் அறுபடவில்லை. ஆனால் மேடுகள் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தன. அதற்கடுத்ததில் இன்னும் குட்டை. அப்புறம் போகப் போக, நடுப்பகல் வெயிலில்கூட கோடு லேசாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. நாலு மரமும் ஒன்றுபோல அப்படி.

பேராசிரியர் நெற்றியைச் சுருக்கினார். "மரம் அப்புடிக் குடிக்காம இருக்காதுங்க. உங்க போர்டுதான் சூட்டுல அளவு மாறி நழுவுது."

"என் போர்டு நழுவாதுங்க சார்."

"ஊசி இருக்குது, மரம் இருக்குது, நடுவுல போர்டு ஒண்ணுதானுங்க..."

"என் போர்டு நழுவலீங்கறேன்!"

அவள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஃப்ளாப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிபுணர் குழு வருகிற தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் படுத்த கோட்டைக் காட்டினால் கருவியே தப்பு என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். மில்லிலிருந்து வேறு ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. ஹாஸ்டலில் அவளோடு இருந்த பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாற்று போர்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே உக்கடத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

தோப்பில் இறங்கியதும் நேராக மோட்டார் ரூமுக்குப் போனேன். ஊசி வயரைக் கழற்றிவிட்டு, எனக்கு அளவு தெரிந்த மின்சாரத்தை போர்டுக்குக் கொடுத்துப் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் அப்படியே காட்டியது. திரும்பத் திரும்பக் கொடுத்தேன். நழுவல் கிழுவல் எதுவும் இல்லை. "பாத்தியா, எம்போர்டுல ஒரு குத்தமுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தவள், அப்போதுதான் மரத்தடியைப் பார்த்தேன்.

ஒவ்வொரு மரத்தையும் சுற்றிக் கட்டியிருந்த வட்டப்பாத்தி வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் ஈரத்தின் வாசனைகூட இல்லை. காலடியில் எல்லாம் குரும்பை, பிஞ்சுப் பிஞ்சாக உதிர்ந்து கருத்துக் கிடந்தது.

"ஏம்புள்ள, மரத்துக்குத் தண்ணியே உடலியா?"

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. "நானும் பாத்தேனுங்க மேடம். வாராவாரம் காஞ்சுட்டே போச்சு. கெணத்துல தண்ணி இல்லையாட்ட இருக்குது. கேட்டா அவீங்களுக்குச் சங்கடமா இருக்குமில்லீங்களா."

"கேக்கறதுல என்ன சங்கடம்?"

"தோட்டத்துக்காரங்களப் பாத்து ஏன் தண்ணி உடலீன்னு நான் எப்புடிங்க மேடம் கேக்கறது?"

அந்த "நான்" என்ற ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நடந்து போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அடக் கடவுளே! படி மூழ்கத் தண்ணீர் நின்றது.

அந்த அம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். பள்ளத்துக் கிணற்றிலிருந்து தூக்கி வருகிறார். மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவதற்கு. மோட்டார் ரூம் சுவரை ஒட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் பாய்கிற இடத்தில் இருக்கிற செடிக்கு!

"ஏனுங்க, இந்த மோட்டார் ரிப்பேருங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மணி. நல்லாத்தான் இருக்குது."

"பின்ன ஏனுங்க போடல?"

அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இது ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார். "போட்டா கம்ப்யூட்டரு அணஞ்சு போயிருதுங்களே. அன்னிக்குப் பாத்தீங்கல்ல, இந்தப் புள்ள எப்புடி அழுதுச்சுன்னு. அதுக்கு மேல இந்தப் பொத்தான யாருங்க தொடுவாங்க? அவீககிட்டயும் சொல்லிப்போட்டேன், அந்தப் புள்ளைக்குப் பரீட்சையாட்ட என்னமோ இருக்குது, முடியற வரைக்கும் பள்ளத்துத் தோட்டத்த மட்டும் பாருங்கன்னு. ஒரு மாசந்தானுங்களே, தென்ன தாங்கிக்கும்."

என் கண்டன்சராவது மண்ணாவது! அந்தப் பொத்தானை யாருமே அழுத்தவில்லை, அதுதான் கோடு அறுபடவில்லை. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க நாங்கள் கருவி வைத்தோம். கருவிக்கு நோகக்கூடாது என்று அவர்கள் தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். திட்டம் போட்டபோது எலியை யோசித்தோம், பல்லியை யோசித்தோம். காலண்டர் தாளில் எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட அந்த மோட்டாரை வரையவில்லை.

என் நீள வாய் அப்போது திறந்துகொண்டது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா? நீங்க சொல்ல மாட்டீங்க, இவ கேக்க மாட்டா! ரெண்டு பேரும் மரியாத பாத்துப் பாத்து இத்தன மரத்தயும் காயப் போட்டுட்டீங்களே!"

அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிப் போனது. "சொன்னா நீங்க மெஷின எடுத்துட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சேனுங்க. பொறகு அதுக்குப் படிப்பு நின்னுருமில்லீங்களா" என்றார்.

அந்தப் பெண் கீழே குனிந்து உதிர்ந்த குரும்பை ஒன்றை எடுத்தாள். அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரியாதா அதன் விலை? இனி வரும் எத்தனையோ மாதத்துக் காய் அது. பிறகு அவள் அழுதாள் பாருங்கள், முதல் நாள் அழுததெல்லாம் ஒரு அழுகையே இல்லை. அந்த அம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, "அடக் கிறுக்கி, மரம் மறுக்காக் காய்க்கும் கண்ணு" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

தோட்டக்காரர் சத்தம் கேட்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையைச் சொறிந்தார். இனி மோட்டாரைப் போடுகிறபோதெல்லாம் கோடு அறுபடும், போடாவிட்டால் மரம் சாகும் என்று நான் சொன்னேன். ஊசி சூட்டுக்கு மட்டும் தனியாகக் கரண்ட் கிடைத்தால் போதும், கம்ப்யூட்டர் அணைந்தாலும் அதுவாகவே எழுந்துகொள்ளும், போவது ஒரு நிமிஷந்தான் என்றேன். "டிராக்டர் பேட்டரி இருக்குதுங்களே, ஆகுங்களா?" என்றார் அவர். ஆகுமாவா! யூ.பி.எஸ். யூ.பி.எஸ். என்று மாடி அதிரக் கத்தியவளுக்கு, போர்டையும் ஊசியையும் பேட்டரியில் ஓட்டலாம் என்று தோன்றவில்லை. அவர் போய் டிராக்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துத் தூக்கிவந்தார். உழவு வேலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "அது கெடக்குதுங்க" என்றார். நானும் அவளும் உட்கார்ந்து வயர்களை மாற்றினோம். அவள்தான் பற்றவைத்தாள்.

ஊசி சூடாகிக் கோடு நிலைக்கு வரும்வரை காத்திருந்தோம். பிறகு அந்த அம்மாள் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"போடட்டுங்களா?"

"என்னயக் கேக்காதீங்க. மெஷினு அவளோடது."

அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பி, "போடட்டுமா கண்ணு?" என்றார். அந்தப் பூமிக்குச் சொந்தக்காரி அவளிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவள் தலையை ஆட்டினாள். மோட்டார் உறுமியது, திரை அணைந்தது, திரும்ப வந்தது, கோடு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வெளியே வெடித்த வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று இறங்கியது.

மேடுகள் உடனே எழும்பவில்லை. வெகு மெதுவாக, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தன. குழு வருவதற்கு முன் பாதி உயரத்துக்குத்தான் வந்திருந்தன. பேராசிரியர் காய்ந்த வாரங்களை விட்டுவிட்டு மீதியைக் காட்டலாம் என்றார். அவள் மாட்டேன் என்றாள். அவள் வாயிலிருந்து "மாட்டேனுங்க" என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முழுக் கோட்டையும் சுவரில் ஒட்டினாள். எந்த நாளிலிருந்து தண்ணீர் இல்லை, எந்த நாளில் மறுபடி பாய்ந்தது என்று சிவப்பு மையில் குறித்தாள். யார் நிறுத்தினார்கள், எதற்காக நிறுத்தினார்கள் என்பதையும் எழுந்து நின்று அப்படியே சொன்னாள்.

குழுவில் ஒரு பெரியவர் கோட்டுக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்தார். "காய்க்கிற மரத்துக்குத் தண்ணிய நிறுத்திக் காட்டுங்கன்னு நானும் எத்தனையோ விவசாயிங்க கிட்டக் கேட்டிருக்கேம்மா. ஒருத்தரும் ஒத்துக்கிட்டதில்ல. நீ எப்படிக் கேட்ட?" என்றார்.

"நான் கேக்கலீங்க சார்" என்றாள் அவள்.

ஆராய்ச்சி நீண்டது. மில் வேலைக்கு வேறு யாரோ போனார்கள். பெரிய கருவிக்குத் திட்டம் போட வேண்டிய நாள் வந்தபோது, அது ஆராய்ச்சி நிலையத்தில் வேண்டாம், தோப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளே சொன்னாள். மோட்டார் ரூம் நிழலில் நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எங்கள் மூன்று பேரோடு அந்த அம்மாளும். காப்பி குடித்த டம்ளர்கள் நாலும் ஒரே தட்டில் இருந்தன, யாரும் கழுவ எழுந்திருக்கவில்லை. மிளகாய்ச் செடிகள் மறுபடி பூ எடுத்திருந்தன. பேராசிரியர் காலண்டர் தாளை விரித்து, மரத்தை வரையப் பேனாவைத் திறந்தார். அவள் அவர் கையிலிருந்து தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, நடுவில் முதலில் மோட்டாரை வரைந்தாள்.

"அக்கா, மொதல்ல நீங்க சொல்லுங்க. மோட்டார எப்பெப்பப் போடுவீங்க?"

"எனக்கென்ன கண்ணு, உனக்கு எப்பத் தோதுன்னு சொல்லு, அப்பப் போட்டுக்கலாம்."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"என் தோது கெடக்குதுங்கக்கா. மரத்துக்கு எப்பத் தோது, அதச் சொல்லுங்க" என்றாள்.